இடுப்பில் கட்டிய மணல்

கையெழுத்துப் போட்டு முடித்த பிறகுதான் மணலக்காவுக்கு நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் சின்ன வயதுப் பெண். பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டே வேகவேகமாகப் பேசினாள்.

"நாளைக்குக் காலைல முதுகுல ஒரு ஊசி போடுவோம்மா. இடுப்புக்குக் கீழே மரத்துப் போயிடும். நீங்க முழிச்சுக்கிட்டுதான் இருப்பீங்க. அப்புறம், வலிக்கு வழக்கமா தர்ற மருந்தோட கொஞ்சம் மெக்னீசியமும் சேர்க்கப் போறேன். சலைன்ல கலந்து கை நரம்பு வழியா ஏத்துவோம். போன தடவை உங்களுக்குப் பெரிய வலி மருந்து ஒத்துக்கலைன்னு சீட்டுல இருக்கு. இதைச் சேர்த்தா அதைக் குறைச்சுக்கலாம். ஏதாவது கேக்கணுமா?"

மணலக்கா தலையை ஆட்டினாள். ஒன்றும் கேட்க வேண்டாம் என்று அர்த்தம். டாக்டர் காகிதத்தை வாங்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

சலைன் என்றால் தண்ணீர். தண்ணீரில் மெக்னீசியம். அதுவும் தன் ரத்தத்துக்குள்ளே. கட்டிலின் இரும்புச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள் அவள். உலகத்தில் வேறு எந்தப் பெண்ணும் அந்த வார்த்தைக்கு இப்படி நடுங்கியிருக்க மாட்டாள். ஆனால் வேறு எந்தப் பெண்ணும் இருபத்திரண்டு வருஷம் அந்தப் பட்டறையில் வேலை பார்த்ததில்லையே.

அது இலேசான உலோகத்தில் வண்டி உதிரிப் பாகங்கள் கடையும் பட்டறை. பன்னிரண்டு லேத் இயந்திரங்கள். அவற்றிலிருந்து வெள்ளி நூல் போலச் சுருள் சுருளாக மெக்னீசியம் உதிரும். பார்க்க அழகாக இருக்கும். ஒரு தீப்பொறி விழுந்தால் கண்ணால் பார்க்க முடியாத வெள்ளை வெளிச்சத்தில் எரியும். அதன்மேல் தண்ணீர் பட்டால் எரிவதோடு நிற்காது, வெடிக்கும். அதனால் அந்தக் கூடத்துக்குள் குடிக்கிற தண்ணீர்கூட யாரும் கொண்டுவரக் கூடாது. ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கத்திலும் ஒரு சிவப்பு வாளி, அது நிறையக் காய்ந்த மணல். தீயை மணலால்தான் மூட வேண்டும்.

அந்தப் பன்னிரண்டு வாளிக்கும் பொறுப்பு நம் மணலக்கா. மணலைச் சலிப்பாள், இரும்புத் தட்டில் கொட்டிச் சூடு காட்டிக் காயவைப்பாள், தினமும் காலையில் ஒவ்வொரு வாளியிலும் கையை முழங்கை வரை விட்டுப் பார்ப்பாள். மணலில் ஈரம் இருந்தால் மணலும் தண்ணீரும் ஒன்றுதான். அவள் சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. கூடத்தில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் மணலக்காதான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த மணல் ஒரு நாள் ஈரமாக இருந்தது.

இரவெல்லாம் மழை. கூரைத் தகட்டில் ஒரு ஆணி துளைத்த ஓட்டை. அதன்வழியே ஏழாம் நம்பர் வாளிக்குள் தண்ணீர் சொட்டியிருக்கிறது. அன்று காலை பேருந்து தாமதம். மணலக்கா வரும்போதே இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. வாளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு ஐந்தாவதுக்கு வந்திருப்பாள், ஏழில் தீ. அந்த இயந்திரத்தில் நின்றவன் வேறு யாருமில்லை, அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அவள் கெஞ்சிக் கேட்டு ஃபோர்மேன் சேர்த்துக்கொண்டு நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. அவன் விதிப்படி வாளியைத்தான் முதலில் தொட்டான். கை நனைந்தது. "அக்கா, இது ஈரமா இருக்கு" என்று கத்தினான். "போடாதே, நில்லு" என்று பக்கத்து வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் ஓடினாள். பத்து அடி தூரம். அதற்குள் பயத்தில், யாரோ விதியை மீறி ஜன்னல் கட்டையில் வைத்திருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து ஊற்றிவிட்டான்.

அந்த வெளிச்சத்துக்குப் பிறகு தம்பியின் கண்கள் எதையும் பார்க்கவில்லை.

அவன் ஒரு நாளும் அவளைக் குறை சொன்னதில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறான். பிரம்பு நாற்காலி பின்னிப் பிழைக்கிறான். வாரம் தவறாமல் வருவான், வயிறு நிறையச் சாப்பிடுவான், மச்சானைக் கிண்டல் செய்வான். இந்தப் பதினோரு வருஷத்தில் மணல், மழை, மெக்னீசியம் என்ற மூன்று வார்த்தையும் அவன் முன்னால் அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை.

இப்போது அவள் ஆஸ்பத்திரியில் கிடப்பதற்குக் காரணமும் தண்ணீர்தான். வீட்டுப் பின்பக்கம் துணி துவைத்த ஈரப்படியில் வழுக்கி, வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்துவிட்டது. உள்ளே கம்பி வைக்க வேண்டும் என்றார்கள். பட்டறைக்காரர்கள் பார்க்க வந்து, "ஊருக்கெல்லாம் காய்ஞ்ச மணலு, உன் வீட்டுப் படிக்கு ஒரு பிடி போடக் கூடாதா அக்கா" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். அவளும் சிரித்தாள். அது நேற்று.

இன்று சாயங்காலம் ஃபோர்மேன் வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழத்தை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"என்ன மணலக்கா, முகம் சுண்டிப் போயிருக்கு? வலிக்குதா?"

"அண்ணே, உங்களை ஒண்ணு கேக்கறேன். சிரிக்கக் கூடாது."

"கேளு."

"நாளைக்கு எனக்கு மெக்னீசியம் ஏத்தப் போறாங்களாம்."

"எதுல?"

"சலைன்ல. தண்ணில கலந்து. நரம்புல."

ஃபோர்மேன் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முப்பது வருஷம் அந்தக் கூடத்தில் கழித்த மனிதர். அவருக்குத் தெரிந்த மெக்னீசியமும் அந்த ஒன்றுதான். வாழைப்பழத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தண்ணிலயா?"

"தண்ணிலதான்."

"நல்லா கேட்டியா? கால்சியம்னு ஏதாவது..."

"அண்ணே, எனக்கா அந்தப் பேரு தெரியாது?"

"டாக்டர் படிச்சவங்க. அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்" என்றார். குரலில் பலமில்லை. பிறகு எழுந்து நின்று, "எதுக்கும் ஒரு தடவை கேட்டுடேன்" என்று சொல்லிவிட்டு, மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையை அவள் கட்டிலிலிருந்து தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

மணலக்கா அந்தக் குவளையைத் தொடவே இல்லை.

ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். அவள் ஐந்தாவது வரை படித்தவள். டாக்டரிடம் போய், 'இது வெடிக்கும்' என்று எந்த வாயால் சொல்வது? வேண்டாம் என்று சொல்லவும் பயம். ஆறு வருஷத்துக்கு முன்னால் கர்ப்பப்பை எடுத்தபோது அந்தப் பெரிய வலி மருந்தைக் கொடுத்தார்கள். வலி போனது, கூடவே மூச்சும் போகப் பார்த்தது. நர்ஸ் கன்னத்தில் தட்டித் தட்டி, "மூச்சு விடுங்க, விடுங்க" என்று கத்தியது கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் இன்னும் கேட்கிறது. ஒரு பக்கம் மூச்சு நிற்கும். மறு பக்கம் உடம்புக்குள் வெள்ளைத் தீ. இரண்டுக்கும் நடுவில் முறிந்த காலோடு அவள் படுத்திருந்தாள்.

கணவர் வந்தார். முடி திருத்தும் கடைக்காரர், வாய் சும்மா இருக்காது.

"எங்க பட்டறைக்குப் போய் ஒரு படி மணல் வாங்கிட்டு வாங்க" என்றாள் அவள்.

"எதுக்கு? ஆஸ்பத்திரியில வீடு கட்டப் போறியா?"

"மூணாம் நம்பர் வாளியில எடுக்கச் சொல்லுங்க. அதுதான் நல்லா காய்ஞ்சிருக்கும்."

"ஏண்டி, ஜுரம் கிரம் அடிக்குதா உனக்கு?"

அவள் அவரைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அந்தப் பார்வையை அவர் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார், தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடிய அன்று. மறுபேச்சுப் பேசாமல் போய், இரண்டு கைப்பிடி அளவு மணலைத் துணிப்பையில் கொண்டுவந்து கொடுத்தார். அவள் அதைப் புடவைக் கிழிசலில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டாள். ரத்தத்துக்குள் எரிந்தால் இந்த மணல் என்ன செய்யும் என்று அவளுக்கும் தெரியாது. ஆனால் அது இல்லாமல் அந்த அறைக்குள் போக அவளால் முடியாது.

காலை எட்டு மணிக்குத் தள்ளுவண்டி வந்தது. கணவர் மருந்துச் சீட்டோடு கீழே கடைக்கு ஓடியிருந்தார். வராந்தா சுவரில் கையை உரசிக்கொண்டே தம்பி கூட நடந்தான். "அக்கா, கம்பி வெச்சப்புறம் நீதான் ஒசத்தி. எங்களுக்கெல்லாம் வெறும் எலும்புதான்" என்றான். அவள் சிரிக்க முயன்றாள். உதடு ஒட்டிக்கொண்டது.

தியேட்டர் வாசலில் பச்சை அங்கியைச் சரிசெய்த நர்ஸின் கையில் அந்த முடிச்சு தட்டுப்பட்டது.

"இது என்னம்மா?"

"மணல்."

"மணலா? எதுக்கு?"

மணலக்கா முடிச்சின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏதாவது வேண்டுதலா?"

"ஆமா" என்றாள் மணலக்கா, கண்ணை மூடிக்கொண்டு.

"உள்ளே கொண்டுபோகக் கூடாதும்மா. இதோ உங்க தம்பிகிட்டேயே குடுத்துடறேன்."

வேண்டாம், அவனிடம் வேண்டாம் என்று சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் முடிச்சு கைமாறிவிட்டது. கதவு மூடிக்கொண்டது.

உள்ளே குளிர். முதுகில் ஊசி. கொஞ்ச நேரத்தில் கால்கள் அவளுடையவை இல்லை. கிள்ளிப் பார்த்தார்கள், தெரியவில்லை. எழுந்து ஓட முடியாது. இடது கையில் ஊசிக்குழாய், வலது கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை. தலைக்கு மேலே டாக்டர் ஒரு சின்னப் பாட்டிலைத் தொங்கவிட்டாள். அதில் எழுதியிருந்த எழுத்து அவளுக்குத் தெரிந்த எழுத்து. பட்டறை டிரம் ஒவ்வொன்றிலும் இருபத்திரண்டு வருஷம் பார்த்த அதே எழுத்து.

"மெதுவாதான் ஏறும். உடம்பு கொஞ்சம் சூடா இருக்கற மாதிரித் தெரியலாம். பயப்படாதீங்க" என்றாள் டாக்டர்.

சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு. மணலக்கா எண்ணினாள். நூறு, நூற்றைம்பது. பிறகு வந்தது அந்தச் சூடு. முழங்கையில் தொடங்கி, தோளுக்கு ஏறி, கழுத்துக்கு வந்து, முகத்துக்குப் பரவியது. அவள் கண்ணுக்குள் அந்த வெள்ளை வெளிச்சம். தம்பி கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்ற அந்த நிற்பு. 'பத்திக்கிச்சு' என்று நினைத்தாள். அவ்வளவுதான் நினைத்தாள். வலது கை தானாகப் பறந்து வந்து, இடது கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியோடு ஊசிக்குழாயைப் பிய்த்து எறிந்தது.

பச்சைத் துணியில் ரத்தம் தெறித்தது. நர்ஸ் ஓடிவந்து பஞ்சை அழுத்தினாள். கத்தியைக் கையில் எடுக்கப்போன பெரிய டாக்டர் அப்படியே நின்றார். மயக்க டாக்டர் முகமூடியை இறக்கிவிட்டு அவள் முகத்தருகே குனிந்தாள்.

"என்னம்மா ஆச்சு? மூச்சு முட்டுதா?"

"தண்ணில கலந்துட்டீங்களே. அது வெடிக்கும்மா. என் தம்பி கண்ணு போச்சும்மா. நான் பார்த்தேன்." அழுகையில் அவள் பற்கள் அடித்துக்கொண்டன. "என் மணலையும் வாங்கிட்டாங்க."

நர்ஸ் மெல்லச் சொன்னாள்: "டாக்டர், இடுப்புல மணல் கட்டியிருந்தாங்க. வேண்டுதல்னு சொன்னாங்க."

அப்போதுதான் டாக்டர் சீட்டை எடுத்து, தொழில் என்ற இடத்தில் எழுதியிருந்ததைப் படித்தாள். முகம் மாறியது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை வேகமாகப் பேசவில்லை.

"நேத்தே நான் கேட்டிருக்கணும். தப்பு என்மேல. இப்ப ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. அந்த உலோகம் எரிஞ்சு முடிஞ்சதும் என்ன மிஞ்சும்?"

"சாம்பல். வெள்ளையா."

"அந்தச் சாம்பல் நல்லா ஆறினப்புறம் தண்ணி ஊத்தினா?"

மணலக்கா யோசித்தாள். "ஒண்ணும் ஆகாது. தண்ணி விட்டுத்தான் தரையைக் கழுவுவேன்."

"ஏன் ஆகாது?"

"எரியறதுக்கு அதுல ஒண்ணும் மிச்சம் இல்லையே."

"இதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான். இது உலோகம் இல்ல. அதுல இருந்து வந்த ஒரு உப்பு. எரிய வேண்டியது ஏற்கெனவே முடிஞ்சு போச்சு. உங்க எலும்புக்குள்ளே, ரத்தத்துக்குள்ளே இப்பவே இது கொஞ்சம் இருக்கு." ஒரு கண்ணாடிக் குப்பியை உடைத்து, எஃகுக் கிண்ணத்துத் தண்ணீரில் ஊற்றிக் காட்டினாள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. "சூடு தெரிஞ்சதே, அது ரத்தக் குழாய் கொஞ்சம் விரியறதால. தீ இல்ல."

மணலக்கா அந்தக் கிண்ணத்தையே பார்த்தாள். மூளைக்குப் புரிந்தது. உடம்புக்குப் புரியவில்லை. அது இன்னும் உதறிக்கொண்டே இருந்தது.

"இதுல ஆபத்தே இல்லையா?"

"இருக்கு" என்றாள் டாக்டர். பொய் சொல்லாததற்காக அந்தப் பெண்ணை இன்றைக்கும் மணலக்கா வாழ்த்துகிறாள். "அளவு மீறினா தசை தளர்ந்து போகும், மூச்சு மந்தமாகும். அதனால அளவாதான் தருவேன். கால் மரத்திருக்கறதால கை மடிப்புல சுத்தியால தட்டிப் பார்த்துக்கிட்டே இருப்பேன். கை துள்ளினா நல்லா இருக்கீங்கன்னு அர்த்தம். எல்லாருக்கும் ஒரே மாதிரி உதவும்னு சொல்ல மாட்டேன். நிறையப் பேருக்கு வலி குறையுது, பெரிய மருந்து கொஞ்சமா போதுது. வேண்டாம்னா விட்டுடலாம். கால்ல ஆபரேஷன் எப்படியும் நடக்கும். அப்புறம் வலிக்கு அந்தப் பழைய மருந்தைத்தான் கொஞ்சம் கூட்டித் தர வேண்டியிருக்கும். நீங்க சொல்லுங்க."

"உங்க வாளி எங்கே?" என்று கேட்டாள் மணலக்கா.

"என்னது?"

"ஒரு ஆள் வேலை பார்த்தா, பக்கத்துல வாளி இருக்கணும். தப்பா போனா மூடறதுக்கு."

டாக்டருக்கு அது புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. பிறகு தட்டிலிருந்து வேறொரு குப்பியை எடுத்து அவள் கண்ணருகே பிடித்தாள். "இது கால்சியம். மெக்னீசியம் அதிகமாயிட்டா இதைப் போட்டா அடங்கும். இதுதான் என் வாளி."

"தேதி பாருங்க."

டாக்டர் பார்த்தாள். வாய்விட்டுப் படித்தாள். இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது.

"தினமும் பார்ப்பீங்களா?"

"தினமும் காலைல. நானே."

மணலக்கா கண்ணை மூடினாள். கிணற்றுக்குள்ளிருந்து வந்த அந்தப் பழைய குரலை நினைத்தாள். கண்ணைத் திறந்து, ரத்தம் காயாத இடது கையை விரித்து நீட்டினாள். "போடுங்க. ஆனா முடியற வரைக்கும் வாளிக்காரங்க நகரக் கூடாது."

"நகர மாட்டேன்."

புது இடத்தில் ஊசி ஏறியது. மறுபடி சொட்டு. மறுபடி முழங்கை, தோள், கழுத்து என்று சூடு. பயம் போகவில்லை. அது போய்விட்டது என்று நான் எழுதினால் பொய். ஒவ்வொரு சொட்டுக்கும் அவள் செத்துச் செத்துப் பிழைத்தாள். காலில் எங்கோ தூரத்தில் சுத்தியல் சத்தமும் துளைக்கும் சத்தமும் கேட்டன. அவை அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவள் கவனமெல்லாம் கை மடிப்பில் தட்டும் அந்தச் சின்ன ரப்பர் சுத்தியில் இருந்தது. தட்டுவார்கள். கை துள்ளும். "துள்ளுச்சா?" என்பாள். "துள்ளுச்சு" என்பாள் டாக்டர். எத்தனை தடவை என்று இருவருமே எண்ணவில்லை.

பிற்பகலில் கால் திரும்பி வந்தது, கூடவே வலியும். ஆனால் பல்லைக் கடித்துத் தாங்குகிற வலி. பழைய மருந்தில் சின்ன அளவுதான் தேவைப்பட்டது. மூச்சு ஒழுங்காக இருந்தது. நர்ஸ் அரைமணிக்கொரு தரம் வந்து எண்ணிவிட்டுப் போனாள்.

நான்கு மணிக்குக் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு தம்பி உள்ளே வந்தான். கணவரின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த மனிதர் வயிற்றில் எது தங்கியது? நர்ஸிடம் கேட்டறிந்த எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறார்.

தம்பி கட்டில் ஓரத்தில் தடவி உட்கார்ந்தான். அவன் மடியில் அந்த முடிச்சு. காலையிலிருந்து கீழே வைக்காமல் வைத்திருக்கிறான்.

"மச்சான் சொன்னார். மெக்னீசியமாமே."

பதினோரு வருஷம் கழித்து அந்த வார்த்தை, அதுவும் அவன் வாயிலிருந்தே. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தியேட்டர் மேசையில்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

"ஆமாடா."

"ரொம்பப் பயந்துட்டியா?"

"ரொம்ப."

அவன் மடியில் இருந்த முடிச்சை அவிழ்த்தான். பார்க்காத கண்களைச் சுவரில் வைத்துக்கொண்டு, ஐந்து விரலையும் மணலுக்குள் விட்டு, கொஞ்சம் அள்ளி, விரலிடுக்கு வழியே ஒழுகவிட்டான். பொலபொலவென்று உதிர்ந்தது. மறுபடி அள்ளினான், மறுபடி உதிர்த்தான். அவன் என்ன பார்க்கிறான் என்று புரிந்த நொடியில் அவள் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவன் சொல்லப்போவதைக் கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம்.

"காலைல இருந்து பார்த்துட்டேன்" என்றான் தம்பி. "ஒரு பொட்டு ஈரம் இல்லக்கா."